எங்கக்கா வேற மாதிரி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1942 ஜூன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கன்னியர் மடத்தில், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய பெண்களில் நானும் இருந்தேன். உனக்குத் தெரியும்.

முடி கொட்டி, கால் வீங்கி நீ வரிசையில் நின்றாய். பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். பக்கத்தில் என் மாமியார். ரங்கூனில் என் தங்கச்சிக்குச் சொந்தமாக அரிசி மில் இருக்கிறது என்று பதினோரு வருஷமாக அவர்களிடம் பொய்ப் பெருமை பேசியிருக்கிறேன்.

"இந்தப் பிள்ளைக்கு ராஜபாளையத்தில் அக்கா இருக்கிறாளாம். யாருக்காவது தெரியுமா?" என்று மதர் கேட்டார். நான் குனிந்து கஞ்சியைக் கிண்டினேன்.

"இவங்கள்ல யாரும் இல்ல மதர். எங்கக்கா வேற மாதிரி இருப்பா" என்றாய்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "ஏட்டி, கூடப்பிறந்தவளையா அங்க விட்டுட்டு வந்தே?" என்று கேட்டார்கள். விடிந்ததும் வண்டி கட்டச் சொன்னார்கள்.

இப்போது மடத்து வாசலில் நிற்கிறோம். மதரிடம் உண்மையைச் சொல்லி, அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாமியார் உள்ளே வருவார்கள். நீ கூப்பிட்டால்தான் நான் வருவேன்.

இப்படிக்கு,
உன் அக்கா