பசித்த மண்ணுக்கு உங்களைக் கொடுக்க முடியவில்லை

சனிக்கிழமை காலை புல்வெளிக் காப்பகத்தின் வாசலில் கார் டிக்கியைத் திறந்தேன். உங்கள் பிரஷ் உருண்டு வந்து காலடியில் விழுந்தது. வெளி விதை எதுவும் உள்ளே போய்விடக் கூடாது என்று, நுழையும் முன் ஷூவின் அடியைத் தேய்க்க நீங்கள் என் காரில் போட்டுவைத்த பிரஷ். அதன் பக்கத்தில் நீங்களும் இருந்தீர்கள், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டிக்குள்.

“பாதி ஊருக்கு, கீரிமலைக் கடலில கரைக்கப் போட்டுது, தம்பி. மற்றப் பாதிய அவருக்குப் பிடிச்ச இடத்தில விடுங்கோ. அது எங்க எண்டு உங்களுக்குத்தானே தெரியும்?” என்று அக்கா பெட்டியைக் கையில் கொடுத்தபோது, பெரிய மனிதன் போலத் தலையாட்டிவிட்டேன். கணவரின் அஸ்தியை நம்பி ஒப்படைத்த உங்கள் மனைவிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அன்று முதல் எனக்கு நிம்மதி இல்லை. பெட்டியை வீட்டுக்குள் வைக்கவும் மனம் வரவில்லை. உங்களைப் பின்னால் வைத்துக்கொண்டு மெல்போர்னின் மேற்கே ட்ருகனினா ரவுண்டானாக்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிடித்த இடம் எது என்பதில் சந்தேகமே இல்லை. கிடங்குகளுக்கும் புது வீடுகளுக்கும் நடுவே வேலி போட்டுப் பூட்டிய இந்தப் புல்வெளிதான். “காலி மனை மாதிரி இருக்கு, இதுக்கா பூட்டு?” என்று முதல் நாள் நான் கேட்டதற்கு நீங்கள் முறைத்தது நினைவிருக்கிறது. “ஐசே, காப்பகம் எல்லாம் ஒரு மாதிரி இல்லை. தேசியப் பூங்கா சனம் வந்து பாக்கிறதுக்கு. இது சனம் வராமல் இருக்கிறதுக்கு.” பிறகு குனிந்து, புல்லை விரலால் விலக்கி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மஞ்சள் பூவைக் காட்டினீர்கள். ஒரு காலத்தில் மேற்குச் சமவெளி முழுக்க இருந்த பூ. கலப்பை தொடாத பழைய கல்லறைத் தோட்டத்திலும், ரயில் பாதை ஓரத்திலும், இப்படி வேலிக்குள்ளும்தான் இப்போது மிச்சம் என்றீர்கள். எனக்கு அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

இந்தச் சனிக்கிழமை அந்தப் பூவின் அருகில் மண்டியிட்டேன். பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டேன். அப்போது அந்த நாய் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை, தொண்டர்களாக நாம் களை பிடுங்கக் கதவைத் திறந்து வைத்திருந்தபோது உள்ளே ஓடிவந்து தன் காரியத்தை முடித்துவிட்டுப் போன நாய். அதன் சொந்தக்காரர் மன்னிப்புக் கேட்டுப் போன பிறகும் நீங்கள் அடங்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். “இது பசியில வளருற மண், ஐசே! பசளை விழுந்தால் களைதான் கொழுக்கும். இந்தப் பூ செத்துப்போம்!”

ரோஜாத் தொட்டிக்கு உரமாகக் கடையில் எலும்புத் தூள் வாங்கிப் போடுகிறவன் நான். பெட்டிக்குள் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? கையை உதறி, மூடியை அழுத்தி மூடினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, உங்கள் மேல்தான். முழங்கால் தேயக் களை பிடுங்கிய மனிதருக்கு ஒரு பிடி இடம் கொடுக்காத நிலம் என்ன நிலம்?

மத்தியானமே பாயிண்ட் குக் கடற்கரைக்குப் போனேன். கடல் சரணாலயம், சிப்பிகூட எடுக்கக் கூடாது. எடுக்கவே கூடாத இடத்தில் போடலாமா என்று யோசித்து யோசித்து, காற்றில் நின்று தலைவலி வந்ததுதான் மிச்சம். ஞாயிறு காலை டாண்டனாங் மலைக்குப் போனேன். அது தேசியப் பூங்கா, அனுமதி கேட்டு எழுத வேண்டும். எழுதியிருக்கலாம். ஆனால் வானம் முட்டும் மரங்களுக்குக் கீழே நின்றதும் முன்பு இங்கே வந்தபோது நீங்கள் விட்ட கொட்டாவிதான் நினைவுக்கு வந்தது. “பெரிய மரத்துக்குப் பெரிய ஆக்கள் இருக்கினம். புல்லுக்கு ஆர் இருக்கினம்?”

மலையிலிருந்து இறங்கி நேராக ரோவிலுக்கு, உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திட்டுவார் என்று பயந்தேன். அவர் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார்.

“பின்னுக்கு நிக்கிற தேசி மரத்துக்குப் போடுங்கோ, தம்பி. அதுக்கு எவ்வளவு பசளை போட்டாலும் காணாது.” பெட்டியை என்னிடமே திருப்பித் தந்தார். “ஒரு சனி ஞாயிறு வீட்டில நிண்டவரே? விடியக் காலமையே புல்லு எண்டு மெல்போர்னுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போயிடுவார். இனியாவது இங்க நிக்கட்டும்.”

அந்த எலுமிச்சை மரத்தடியில் இருவருமாகத்தான் போட்டோம். மண்ணை மூடி எழுந்தபோது என் ஷூவின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. காருக்குப் போய் பிரஷை எடுத்து வந்தேன். மரத்தடியிலேயே உட்கார்ந்து, பள்ளம் பள்ளமாக, ஒரு துகள் விடாமல் தேய்த்து உங்களை அங்கேயே விட்டேன். கண்ணீர் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. வரும் சனிக்கிழமை இதே ஷூவோடு நான் காப்பகத்துக்குப் போக வேண்டும்.