களஞ்சியத்தில் பிரித்த கடைசி அத்தியாயம்

அன்புள்ள 7419,

புதன்கிழமை மத்தியானம் உன் தம்பி கடைக்கு வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. "அக்கா பீரோவுல இருந்துச்சிக்கா. மேல உங்க பேரு எழுதியிருந்துச்சி" என்று நீட்டினான். பையைப் பிரித்ததும் வாசனைதான் முதலில் வந்தது. சாக்கு, புழுங்கலரிசி, கொஞ்சம் பாமாயில். உன் துப்பட்டாவில், உன் ஸ்கூட்டி சீட்டில், நீ தொட்ட எல்லாவற்றிலும் இருந்த அதே ரேஷன் கடை வாசனை. புத்தகத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். குக்கர் வாங்க வந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நாம் சேர்ந்து படித்துவந்த வெயில் நகரக் கதையின் மூன்றாம் பாகம். முதலில் படிக்கிற முறை உன்னுடையது என்பதால், நீ படுக்கையில் விழுந்தபோது உன்னிடம்தான் இருந்தது. நம் வழக்கப்படி கடைசி அத்தியாயத்தை மட்டும் மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவைத்திருந்தாய்.

அந்தப் பின்களைப் பார்த்ததும் புத்தகத்தைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன்.

நீ முதன்முதலில் எங்கள் பாத்திரக்கடைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தொண்டூர் ரேஷன் கடையில் உனக்கு வேலை கிடைத்த புதிது. டிபன் பாக்ஸ் ஒன்றை எடுத்து, பேர் வெட்டிக் கொடுக்கச் சொன்னாய். மெஷினை எடுத்துக்கொண்டு "இன்னா பேரு?" என்றேன். "ஏழு, நாலு, ஒண்ணு, ஒம்போது" என்றாய். இந்தக் கடையில் பிறந்து வளர்ந்தவள் நான். மணப்பெண் பேர், சீர் கொடுத்த மாமன் பேர், வளைகாப்புக்காரி பேர் எல்லாம் வெட்டியிருக்கிறேன். எண்ணை வெட்டச் சொன்னவர் ஒருவரும் கிடையாது. ஆனால் அந்த எண் எனக்குத் தெரியும். அந்த வாரம்தான் எவர்சில்வர் குடங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்து முதல் பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வானத்துக்கே கூரை போட்டு மூடிவிட்டு, குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு நாற்பது நிமிஷம் வெயில் என்று அட்டை போட்டுக் கொடுக்கிற நகரம். அங்கே வெயில் திருடுகிற பதினாறு வயசுப் பெண்ணின் எண் அது. "ஐயோ, அவ கூரை ஏறுனாளா மாட்டிக்கினாளானு சொல்லிடாத!" என்று நான் போட்ட கூச்சலில் நைனா கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார்.

அன்றோடு எனக்கு வியாபாரத்தில் இருந்த பாதிக் கவனமும் போயிற்று. "ரேஷன்காரி வந்துட்டா, இனிமே கடை நடந்தாப்புல தான்" என்று நைனா முணுமுணுப்பார், ஆனால் உனக்கு டீ சொல்ல மறக்கமாட்டார். முப்பது வயசைத் தொட்ட இரண்டு பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதின இங்கிலீஷ் கதைகளை டிக்ஷனரியும் கையுமாகப் படித்துக்கொண்டிருந்தோம். நமக்கு வெட்கமே வந்ததில்லை.

சட்டம் நீ போட்டதுதான். ஒரு புத்தகம், இரண்டு பேர். முதலில் படிப்பவள் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, அதைப் பின் அடித்து மூடிவிட்டு அடுத்தவளிடம் தர வேண்டும். அவளும் அங்கே வந்து நின்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குப் போய், அடிவாரத்து நெல் களஞ்சியத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சத்தமாகப் படிக்க வேண்டும். ராஜகிரி மலைக்கு வருகிறவர்கள் எல்லாம் மூச்சு வாங்க மேலே ஏறுவார்கள். நீ களஞ்சியத்தைத் தாண்டமாட்டாய். "ராஜா காலத்து ரேஷன் கடைடி இது. ரேகை மெஷின்தான் இல்ல, குடுத்து வெச்ச ராஜா" என்று சுவரைத் தட்டிக் கொடுப்பாய். பின்களை எடுப்பதற்கு முன்னால் கட்டைவிரலால் ஒருமுறை அவற்றைத் தடவிப் பார்ப்பாய். நாள் முழுக்க ஊராரின் ரேகையைப் பிடிக்கிறவளின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

படித்து முடித்ததும் செஞ்சிப் பரீட்சை. கதையில் வருகிற கொடுங்கோல் அரசு நம் ஊருக்கு வந்தால் எத்தனை நாள் தாங்கும்? பேசி, சண்டை போட்டு, ஒரு முடிவுக்கு வந்து கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவோம். கனவுகளைச் சோதனை போடும் அரசு, செஞ்சியில் ஒன்பது நாள். எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்ற அரசு, ஆடித் தள்ளுபடி தொடங்கும் வரை. வெயில் நகரத்தின் முதல் பாகத்துக்கு நீ மதிப்பெண்ணே போடமாட்டேன் என்றாய். "வெயிலுக்கு ரேஷனா? சித்திரையில இங்க வந்து ஒரு மத்தியானம் நிக்கச் சொல்லு. அட்டையை அவங்க மூஞ்சியிலயே வீசிட்டுப் போவாங்க."

உன் குறைகள் எனக்கு இன்னும் மனப்பாடம். இந்தக் கதைகளில் எங்கே பார்த்தாலும் பதினாறு வயசுப் பெண்ணே நாட்டைக் கவிழ்க்கிறாள். "நாப்பது வயசு பொம்பளைங்க எல்லாம் எங்கடி போனாங்க?" என்பாய். கதாநாயகிக்குப் பெரியம்மா, சித்தி, அத்தை ஒருத்தியும் இல்லை. சொந்தக்காரர்களே இல்லாத ஊரில்தான் இப்படிப்பட்ட அரசு நடத்த முடியும் என்பது உன் ஆராய்ச்சி. வரிசையில் நிற்பவர்கள் வாயைத் திறக்காமல் நிற்கிறார்கள் என்று வந்தால் புத்தகத்தை மூடியே வைத்துவிடுவாய். "எந்த ஊரு வரிசடி இது? என் கடையில சக்கரை வர்ற அன்னிக்கு வந்து எழுதச் சொல்லு." அதைவிடப் பெரிய கோபம், எந்தக் கதையிலும் மெஷின் பழுதாவதே இல்லை என்பது. "அவங்களுக்கு மட்டும் சர்வர் எப்பிடி எப்பவும் வேல செய்யுது?"

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கதாநாயகியைச் சுற்றி எப்போதும் இரண்டு பையன்கள் வருவார்களே, அது எனக்குப் பிடிக்கும். "ஊரு எரியுது, இவளுக்கு எவன்னு கொழப்பம்" என்று தலையில் அடித்துக்கொள்வாய். ஊர் எரியாதபோதும் எனக்கு ஒருவனும் வரவில்லையே, படித்தாவது தொலைக்கிறேனே என்பேன். அன்று நீ சிரித்த சிரிப்பில் குரங்கு ஒன்று பயந்து நம் முறுக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடியது.

ஒரே ஒரு முறை நீ சிரிக்காமல் பேசினாய். அன்று ஒரு பாட்டியம்மாவுக்கு ரேகை விழவில்லையாம். களை எடுத்துத் தேய்ந்த விரல். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்ததாம். பின்னால் நின்றவர்கள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். "இந்தக் கதையில வர்ற ராஜாவ நெனச்சி எனக்கு பயமே இல்லடி. மெஷின் இல்லனு சொன்னா, நானும் ஒரு நாள் இல்லனு சொல்லி அனுப்பிடுவேனோன்னுதான் பயம். கவுண்டர்ல உக்காந்துக்கினு இருக்கறவளப் பத்தி யாராச்சும் ஒருத்தர் எழுதலாம் இல்ல?" என்றாய். நான் முறுக்கை உன் பக்கம் தள்ளினேன்.

சரி, வந்துவிட்டேன் விஷயத்துக்கு. நான் திருடி. நீ முதலில் படித்துத் தந்த ஒவ்வொரு புத்தகத்திலும், நீ அடித்த பின்களை நகத்தால் நெம்பி எடுத்து, கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அதே ஓட்டையில் சொருகி மடக்கிவிடுவேன். நான் முதலில் படித்தவை பற்றிக் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை களஞ்சியத்தில், திருப்பம் வருகிற இடத்தில் "அடிப்பாவி!" என்று மார்பில் கை வைத்துக் கத்துவேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த புத்தகத்திலும் திருடினேன் என்று வைத்துக்கொள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது, தலையணைக்குப் பக்கத்தில் இந்த மூன்றாம் பாகம் கிடந்தது. "ஒண்ணு கேட்டா நெசத்த சொல்லுவியா? கடைசி அத்தியாயத்த என்னிக்காச்சும் முன்னாடியே படிச்சிருக்கியா?" என்றாய். நான் உன் தலையில் கை வைத்து, "உன் மேல சத்தியமா இல்லடி" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். அப்புறம் உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். எட்டாம் நாள் போய்விட்டாய்.

தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் சின்ன வயசிலிருந்து சொல்லித்தான் வளர்த்தார்கள். படித்தவள்தான் நான். நோய்க்கும் சத்தியத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே நூறு முறை சொல்லிக்கொண்டேன். மனசு கேட்டால்தானே. இரண்டு மாதமாக உன் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஒத்துக்கொள்ளலாம் என்றால் கேட்க நீ இல்லை.

அதனால் இந்த முறை மற்ற அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினேன், பின்களைத் தொடவில்லை. புதன் போய், வியாழன் போய், சனியும் போயிற்று. கை அரித்தது, அது வேறு கதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முறுக்குப் பொட்டலத்தோடு களஞ்சியத்துக்குப் போனேன். உன்னைப் போலவே கட்டைவிரலால் பின்களைத் தடவினேன், பிரித்தேன். உன் பங்கையும் சேர்த்து நானே சத்தமாகப் படித்தேன். இரண்டு காலேஜ் பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். போகட்டும்.

கூரை திறக்க வேண்டிய நேரம். 7419 மேலே ஏறிக்கொண்டிருக்கிறாள், எல்லாரும் அவளையே துரத்துகிறார்கள். ஆனால் கூரையைத் திறந்தது அவள் இல்லை. மூன்று பாகமும் ஜன்னலுக்குப் பின்னால் பேரே இல்லாமல் உட்கார்ந்து அட்டையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாளே, அந்தக் கவுண்டர்காரி! வரிசையில் நின்ற ஒரு கிழவியின் அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, எழுந்து போய், கூரையைத் திறக்கிற நெம்புகோலை இழுத்துவிட்டாள்.

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். களஞ்சியம் முழுக்க எதிரொலித்தது. பக்கத்தைத் திருப்பினால், உன் பென்சில் எழுத்து:

"கத்துனியா? இந்த ஒரு தடவதான் நெசமா கத்தியிருப்ப. பழைய ஓட்டையிலயே பின்ன சொருகுனா ஓட்டை பெருசாவும்டி, தடவுனாலே தெரியும். நாலாவது புக்குலேர்ந்தே எனக்குத் தெரியும். நீ கத்துறது நல்லா இருந்துச்சி, அதான் சொல்லல. நீ பண்ண பொய் சத்தியத்துக்கும் என் நோவுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. அத நெனச்சி அழுதுக்கினு இருந்த, வந்து ஒதைப்பேன். இந்த முடிவ உனக்கு முன்னாடியே படிச்சிட்டேன், அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சி. கவுண்டர்காரிய பாத்தியா? எத்தினி நாளுன்னு நீயே போடு."

இரண்டாவது "அடிப்பாவி" உனக்கு. அழுதேன், அதைவிட அதிகம் சிரித்தேன், ஒரு பொட்டலம் முறுக்கையும் நானே தின்று தீர்த்தேன். பென்சில் கொண்டுபோக மறந்துவிட்டேன். டிக்கெட் கவுண்டரில் இருந்த அம்மாவிடம் பேனா வாங்கிவந்து, உன் எழுத்துக்குக் கீழே எழுதினேன்.

வெயில் நகர அரசு, செஞ்சியில் ஒரு நாள்கூடத் தாங்காது. காலையில் தொண்டூர் ரேஷன் கடை திறக்கிற வரைக்கும்தான்.