மதினி, உங்கள் வாயில் வேறொருத்தி பேசினாள்

வாய் ஓயாத என் மதினிக்கு,

நீங்கள் சமைத்த நிகழ்ச்சி ஒருவழியாக டிவியில் வந்தது. பார்க்கத்தான் நீங்கள் இல்லை. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டில் டிவி போடுவதில்லை. அண்ணன்தான் போடச் சொன்னார். உங்கள் முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரலை நாம் எதிலும் பிடித்து வைக்கவில்லை. இனி அது கேட்கக் கிடைப்பது இந்த ஓர் இடத்தில்தான் என்று அவர் நினைத்தார்.

படம் பிடித்த நாள் நினைவிருக்கிறதா? அதலைக்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன். மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் தானாகப் படர்ந்து காய்க்கிற கசப்புக் காய் அது. பறித்து வைத்தால் வெடித்துவிடும். சேனல்காரர்களோ விளக்கைச் சரிபார்ப்பதிலேயே காலையைக் கழித்தார்கள். காய்கள் வாய் பிளக்கத் தொடங்கியதும் நீங்களும் தொடங்கினீர்கள்.

"அண்ணாச்சி, நீங்க எனக்குப் பவுடர் போட்டு முடிக்கதுக்குள்ள காய் வெத போட்டு மொளச்சிரும்போல. அடுப்பப் பத்த வைங்க."

தொகுத்து வழங்கும் பெண் காம்பு கிள்ள வந்தாள். "ஏட்டி, அந்த நகத்த வச்சிக்கிட்டா கிள்ளப் போற? காய்க்கு வலிக்கும், தள்ளு." அவளே சிரித்துவிட்டாள். எண்ணெய் ரெண்டு ஸ்பூன் போதுமா மேடம் என்று கேட்டாள்.

"ஒங்க வீட்டு எண்ணெயா? ஊத்துட்டி. எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காவ. கசக்குன்னு வாயத் தொறந்து சொல்லவும் மாட்டாவ, தட்டத் தள்ளவும் மாட்டாவ. என்னயக் கட்டுனதுக்கும் அப்படித்தான் இருக்காவ."

கேமராக்காரர் குலுங்கிச் சிரித்ததில் அந்த இடத்தை மறுபடி எடுக்கவேண்டி வந்தது. நீங்கள் மறுபடியும் அதையே சொன்னீர்கள், இன்னும் கொஞ்சம் மிளகாய் சேர்த்து. வீட்டுக்கு வந்து நான் அண்ணனிடம் "உங்களப் பத்தியும் சொல்லியிருக்காவ, டிவியில வரும்போது பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் காத்திருந்தார்.

திரையில் உங்கள் முகம் வந்ததும் துட்டி கேட்க வந்த பெண்கள் அழத் தொடங்கினார்கள். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "வணக்கம் நேயர்களே! இன்றைக்கு நாம் செய்யவிருப்பது சுவையான மினி பாகற்காய் ஃப்ரை" என்றது ஒரு குரல். பல் தேய்த்து, தலை சீவி, இஸ்திரி போட்ட குரல். அழுகை பாதியில் நின்றுவிட்டது. உங்களுக்காக அழுவதா, அந்தக் குரலுக்கு மரியாதையாக உட்காருவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

எதிர்வீட்டு மைமூன் அக்காதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "யாருட்டி இவ? செல்லத்தாயி வாய்க்குள்ள எப்படிப் போனா?"

எண்ணெய் ஊற்றும் இடம் வந்தது. உங்கள் உதடு அசைகிறது, கண் சிரிக்கிறது. குரலோ கசப்பில் உள்ள சத்துகளை விளக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அது எங்கலே?"

"இதுதாண்ணே அது."

மறுநாள் சேனலுக்குப் போனேன். மேனேஜர் மிகப் பண்பானவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "என்ன செய்யது அண்ணாச்சி? அவிய பேச்சு ரொம்ப லோக்கலா இருந்துச்சு. பாக்கவியளுக்கு வெளங்கணும்லா?"

இந்தச் சேனலின் வயர் ஊர் எல்லையைத் தாண்டாது. கோவில்பட்டிக்காரர்களுக்கு விளங்காது என்று கோவில்பட்டிப் பேச்சை எடுத்திருக்கிறார்கள். அதை என்னிடம் நம் பேச்சிலேயே விளக்கினார் இந்த மனிதர். அவருக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். ஊர்ப் பெயரைக் காப்பாற்றிவிட்டார்.

உங்கள் குரல் உள்ள பழைய கேசட்டையாவது தரச் சொன்னேன். "ஒரே கேசட்டத்தான் அழிச்சு அழிச்சு எடுக்கோம் அண்ணாச்சி. அதுல இப்ப ஒரு காதுகுத்து கெடக்கு" என்றார். ஆகவே மதினி, உங்கள் குரலின் மேல் யாரோ ஒரு பிள்ளைக்குக் காது குத்தியிருக்கிறார்கள். பிள்ளை நன்றாக இருக்கட்டும். அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆறுதலுக்கு என்று அந்த இஸ்திரிக் குரல் நிகழ்ச்சியை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். நான் அதை அங்கேயே உடைக்காததை என்னவென்று சொல்வது? நாகரிகமா, கோழைத்தனமா?

உடைக்காததும் நல்லதாயிற்று. அண்ணன் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு அதைப் பார்க்கிறார். நேற்று எண்ணெய் ஊற்றும் இடத்தில், நான் சொல்லிக் கொடுத்ததை வைத்து, அவரே தொடங்கினார். "எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காவ..." அதற்குமேல் வரவில்லை. மிச்சத்தை நான் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். என் வாயில் அது வெறும் தகவலாக இருந்தது. நீங்கள் சொன்னபோது அது என்னவாக இருந்தது என்பதை அந்த மனிதருக்கு நான் எப்படிக் காட்டுவேன்?

இன்று காலை மேனேஜர் போன் செய்தார். அடுத்த வாரம் சேனலுக்கு ஆண்டுவிழாவாம். நிகழ்ச்சி நேரலையாம். "மதினி நெனவா நீங்க வந்து சமைங்க அண்ணாச்சி. லைப்ரரில வேல பாக்கிய, சுத்தமாப் பேசுவிய. ஒங்களுக்கு டப்பிங்கே வேண்டாம்." எனக்குக் கிடைத்த முதல் இலக்கியப் பாராட்டு இது. போனை வைக்கத்தான் போனேன். பிறகு, சரி, வாரேன் என்றேன்.

காலம் போனால் ஆறிவிடும் என்று துட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உங்கள் சாவு வேண்டுமானால் ஆறட்டும். இது ஆறக்கூடாது.

எனக்குச் சமைக்கத் தெரியாது. காய் கருகும், கருகட்டும். அன்று நீங்கள் பேசியதை, நினைவில் உள்ளவரை, நம் பேச்சிலேயே சொல்லப்போகிறேன். அதை அழித்தது யார் என்றும் சொல்லப்போகிறேன். மேனேஜர் ஓடிவந்து வயரைப் பிடுங்குவார் என்பது தெரியும். அதனால் அண்ணனைப் பற்றி நீங்கள் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன், மதினி. இது சத்தியம்.

கோபத்தோடு,
உங்கள் கொழுந்தன்