அம்மப்பாவின் கப்பல் விளக்கு

வுப்பர்டால்
4 மே 2024

அன்புத் தம்பி குணசேகரத்துக்கு,

நானும் அத்தானும் கந்தன் அருளால் சுகம். நீயும் குமுதினியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். ரெலிபோனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடதாசியை அப்படி வைக்க ஏலாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மகன் நிதுசனின் கலியாண அட்டை கிடைத்தது. பூட்டன்மாரின் பேர்கூடப் போட்டிருக்கிறாய். அப்பாவின் பக்கத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். எங்களைத் தூக்கி வளர்த்த அம்மப்பா வைத்திலிங்கம் மட்டும் இல்லை. அது அச்சகத்தின் பிழையா, உன்னுடைய பிழையா?

அட்டைக்குள் ஒரு கடதாசித் துண்டும் வைத்திருந்தாய்: “அக்கா, அந்தக் கப்பல் விளக்கைக் கொண்டுவராதேங்கோ.” அம்மப்பா எனக்கென்று தந்துவிட்டுப் போன ஒரே பொருள் அது. நங்கூரமும் விளங்காத எழுத்தும் போட்ட அந்த வெள்ளிப் பிடியில் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் படகு ஓட்டியவர், ரஷ்யப் போர்க்கப்பலில் அதைக் களவெடுத்தார் என்று ஊர் கதை கட்டியது. “கடலுக்க விழுந்த ஒரு பொடியனைத் தூக்கினன், அதுக்குத் தந்தவை” என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை. நீயும் போடவில்லை.

விளக்கு வராத கலியாணத்துக்கு நானும் வரமாட்டேன்.

உன் அக்கா
யோகம்


ஹம்பேர்க்
15 மே 2024

அன்புள்ள யோகம் அக்காவுக்கு,

அச்சகத்தின் பிழை இல்லை. பேரை எடுத்தது நான்தான்.

நீங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள். நான் படித்த இடத்தில் “கள்ளன்ர பேரன் வாறான்” என்று வாசலிலேயே தொடங்கிவிடுவார்கள். அந்தப் பொடியங்களில் ஒருவன்தான் இங்கே ஜேர்மனியில் எசன் நகரில் இருக்கிற அல்பேர்ட். தலை நரைத்தும் வாய் அடங்கவில்லை. போன வருடப் பொங்கல் விழாவில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, “என்ன குணம், அந்த ரஷ்யா விளக்கு இன்னும் இருக்கோ?” என்று சிரித்தான். அவன் முன்வரிசையில் இருக்க, என் மகனின் மணவறையில் அதை ஏற்றச் சொல்கிறீர்களா? ஒரு படகோட்டிக்கு எந்தப் போர்க்கப்பல் வெள்ளியைத் தூக்கிக் கொடுக்கும்?

எனக்கும் அம்மப்பாவில் பாசம்தான், அக்கா. அதனால்தான் இன்னும் சுடுகிறது. விளக்கு வேண்டாம், நீங்கள் வேண்டும். குமுதினி உங்களுக்கு மாம்பழ நிறத்தில் சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

தம்பி
குணசேகரம்


வுப்பர்டால்
2 யூன் 2024

என் தம்பிக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

மேல்வீட்டு நொய்ஃபெல்ட் அம்மாவைத் தெரியும்தானே, கசக்ஸ்தானில் ரஷ்ய மொழி படித்துவிட்டு வந்தவர்? வடை கொடுத்தனுப்பிய தட்டைத் திருப்பித் தர வந்தவர், சாமி அலுமாரியைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். ரஷ்யர்கள் தேத்தண்ணிக் கிளாசைச் சுடாமல் பிடிக்கிற பிடியாம் அது! இவ்வளவு காலமும் முருகனுக்குத் தேத்தண்ணிப் பிடியில் விளக்கு வைத்திருக்கிறோம். அவர் கோபிக்க மாட்டார், பழகிவிட்டார்.

வெளியே இருந்த எழுத்தில் ‘வோல்னி’ என்ற கப்பற்பேர் மட்டும்தான் தேறியது. மற்றதையெல்லாம் அம்மாவும் நானும் புளி போட்டுத் தேய்த்தே அழித்துவிட்டோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் அந்த மனுசி கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, பிடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். “ஐயோ!” என்று கத்தினேன். சாமி விளக்கைக் கவிழ்க்கக் கூடாது என்று அம்மா கடைசிவரை நிமிர்த்தியபடியே தேய்த்தவர். நானும் அப்படித்தான். அடிப்பக்கத்தை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அங்கே எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் எழுத்து இருந்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசித்தார்: “கடலில் விழுந்த எங்கள் மாலுமியைக் காப்பாற்றிய வைத்திலிங்கத்துக்கு, ‘வோல்னி’ கப்பலின் தோழர்கள். திருகோணமலை, 1967.”

வைத்திலிங்கத்துக்கு என்று இருக்கிறது, தம்பி! தன் பேர் அதில் இருப்பது அந்த மனிசனுக்கே தெரியாது. அந்த எழுத்தை அவர் எங்கே படித்தார்? அடிப்பக்கத்தின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி எனக்காகச் சொல்கிறாள் என்று நீ நினைப்பாய். போய் யாரிடமும் கேள்.

அக்கா
யோகம்


ஹம்பேர்க்
20 யூன் 2024

என் அன்பு அக்காவுக்கு,

நீங்கள் சொன்னது சரி, நான் நம்பவில்லை. பழைய கப்பல் சாமான் விற்கிற, ரஷ்ய மொழி தெரிந்த ஒரு கிழவர் துறைமுகப் பக்கம் கடை வைத்திருக்கிறார். அவரிடம் படத்தைக் கொடுத்தேன். கதை ஒன்றும் சொல்லவில்லை.

பூதக்கண்ணாடியை வைத்து அவர் வாசித்தது எழுத்துக்கு எழுத்து நொய்ஃபெல்ட் அம்மா வாசித்ததுதான். கப்பல் பட்டறையிலேயே ஒரு மாலுமி கையால் வெட்டிய எழுத்தாம். அந்தக் காலத்துக் கடற்படையில் நன்றிக்கு இப்படிச் செய்து கொடுப்பார்களாம். “களவெடுத்ததாக இருக்காதா?” என்று கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொன்னதை எங்கள் பாசையில் சொன்னால், “களவெடுக்கிறவன் தன்ர பேரை வெட்டுவிச்சோ கொண்டுபோவான்?”

அக்கா, எஸ்-பான் ரெயினில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தேன். இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன். எதிரே இருந்த பிள்ளை பயந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அல்பேர்ட்டுக்கு ரெலிபோன் எடுத்து, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அந்த வாயாடி இன்னொருதரம் வாசிக்கச் சொன்னான். பிறகு மெதுவாக, “குணம், நான் அதைத் தொட்டுப் பார்க்கலாமோ?” என்று கேட்டான். முன்வரிசையில் இடம் இருக்கிறது, வா என்றேன்.

பழைய அட்டைகளைக் கிழித்துப் போட்டோம். புதியதில் முதல் அட்டை இத்துடன் வருகிறது. பூட்டன்மாரில் முதல் பேரைப் பாருங்கள்: ‘திருகோணமலைத் துறைமுகப் படகோட்டி வைத்திலிங்கம்.’ தொழிலையும் போடு என்று சொன்னது நிதுசன்தான்.

விளக்கைப் பார்சலில் போடாதேங்கோ, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கோ. மாம்பழச் சேலையைக் கட்டிக்கொண்டு மணவறையில் நீங்கள்தான் ஏற்ற வேண்டும். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால், சபை முழுவதும் பார்க்க, அதை ஒருதரம் கவிழ்த்துக் காட்டுங்கள். மேலே இருந்து அம்மா கோபித்தால் நான் சமாளிக்கிறேன்.

வைத்திலிங்கத்தின் பேரன்
குணசேகரம்