மோர்லைஸ் எரித்த சிவப்புச் சட்டை

ரோண்டா பள்ளத்தாக்கு, வேல்ஸ்
ஜனவரி 17, 1905

அன்புத் தம்பி பென்ரிக்கு,

அக்கா கெசையா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நீயும் உட்கார்ந்துகொண்டு படி.

மோர்லைஸ் ரக்பியை விட்டுவிட்டார். ஆமாம், உன் அத்தான்தான். வேல்ஸ் நாட்டுக்காக ஆறு தடவை ஆடிய அதே மனிதர்.

இங்கே எழுப்புதல் வந்து, ஊர் ஊராக ஜனங்கள் பாவத்தை விட்டுச் சபைகளில் கூடுவதைப் பத்திரிகையில் பார்த்திருப்பாய். சாராயக் கடைகள் ஈயோட்டுகின்றன. சுரங்கக் குதிரைகளுக்கு ஏகக் குழப்பம். கெட்ட வார்த்தை இல்லாமல் ஏவினால் அவற்றுக்குப் புரியவில்லையாம். நான்கூடச் சிரித்தேன். போன செவ்வாய் சபையில் பாட்டின் நடுவே மோர்லைஸ் எழுந்து நின்றதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. "பந்தைத்தான்யா கும்பிட்டேன்! கடவுளை இல்ல!" என்று கதறினார். ஆட்டத்தில் விலா எலும்பு முறிந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் சுரங்கத்திலிருந்து வந்தவர் முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் கொல்லையில் நெருப்பு மூட்டினார். வேல்ஸ் அணியின் சிவப்புச் சட்டை, நாட்டுக்காக ஆடியதற்குக் கொடுத்த குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி, இரண்டும் போயின. "சனிக்கிழமை இங்கிலாந்தோட ஆட்டம், உங்க பேரு வந்திருக்கு, புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினேன். அடுத்த வீட்டு மிஸஸ் பவல் எட்டிப் பார்த்து அல்லேலூயா போட்டாள். அவளை அறையலாம் போலிருந்தது. அந்தச் சட்டையின் சேற்றைத் துவைத்துத் துவைத்து ஆட்டத்தையே சபித்தவள் நான். அது கருகும்போது எனக்கு ஏன் வயிறு எரிந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

சனிக்கிழமை ஊரே ரயிலேறிக் கார்டிஃப் போனது. இவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். வேல்ஸ் ஜெயித்தும் ஊருக்கு ஆத்திரம் தீரவில்லை. நேற்று காலை சுரங்க வாசலில், முன்பெல்லாம் இவரைத் தோளில் தூக்கித் திரிந்த ஹேடின், "நாட்டைக் கைவிட்ட பக்திமான் வர்றாரு, வழி விடுங்கடா!" என்றானாம். சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் பக்கத்தில் நின்றவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

இங்கிலாந்தின் வடக்கே போய்ச் சம்பளத்துக்கு ஆடினாய் என்பதற்காக ரக்பி யூனியன் உன்னை ஆயுசுக்கும் தள்ளிவைத்ததை நான் சொல்லித்தான் நீ அறிய வேண்டுமா? காசு வாங்காமல் ஆடியவன் என்ற கர்வத்தில், அப்பாவின் அடக்கத்தன்று நீ நீட்டிய கையை இவர் தொடவில்லை. அதற்குப் பிறகு இந்த மூன்று வருஷத்தில் இந்த வீட்டில் உன் பேரை எடுத்ததே இல்லை.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவருக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். தொட்டியில் உட்கார்ந்தபடி, திரும்பிப் பார்க்காமல், "பென்ரிக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?" என்றார். சோப்பு கையிலிருந்து நழுவிவிட்டது. சட்டை எரிந்தபோதுகூட நான் இப்படி அதிர்ந்து போகவில்லை. எப்படி என்று கேட்டேன். "உசிரோட பொதைச்ச மாதிரி" என்றார்.

அவர் உனக்கு எழுத மாட்டார், தம்பி. அத்தனை பேர் நடுவே கடவுளிடம் மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவருக்கு மைத்துனனிடம் கேட்க நாக்கு எழவில்லை. உனக்கும் ரோஷம் குறைச்சல் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், ஈஸ்டருக்கு வா. நீ வருவதை அவரிடம் சொல்லப் போவதில்லை. வந்து கதவைத் தட்டு. நான் வீட்டில்தான் இருப்பேன், ஆனால் எழுந்து வர மாட்டேன். அவர்தான் திறக்க வேண்டும்.

கர்த்தர் உன் வழிப்பயணத்தைக் காக்கட்டும்.

உன் அக்கா,
கெசையா