உன் அம்மா அழவில்லை

அன்பு மகள் மாரிசெல்விக்குத் தாராவியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம், ஜப்பானில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ பேசிவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படித்துவிடு. நீ வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம் தாயி. நீ போனதிலிருந்து வீடியோவில் அம்மா கண் சிவந்து நீர் வடிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, உன்னை நினைத்து அழுதே கண் போகிறது என்று நினைத்துவிட்டாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பக்கத்து வீட்டுப் பேராச்சி பெரியம்மை, பிள்ளைய அம்புட்டு தூரம் அனுப்பிட்டு எந்தத் தாய்க்குக் கண்ணு காயும் என்றாள். நானும் அழாதே அழாதே என்று அதட்டினேன். நான் அழலைங்க, மண்ணள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது என்று அம்மா சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

போன மாதம் ஒருநாள் காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே வரவில்லை, வெளிச்சம் பட்டாலே முந்தானையால் மூடிக்கொண்டாள். பயந்துபோய் மாஹிமில் பிரேமலதா டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண் பிரஷருக்கு வருஷக்கணக்காக விடுகிற சொட்டு மருந்தை அவர் வாங்கிப் பார்த்தார். பாட்டிலைத் திறந்தபிறகு மருந்து கெடாமல் இருக்க ஒன்று கலக்குகிறார்களாம். பலருக்கு அது ஒன்றும் செய்யாதாம், சிலருக்கு நாள்பட நாள்படக் கண்ணின் மேல்பரப்பைப் புண்ணாக்கிவிடுமாம், பிறகு நோயை எதிர்க்க வேண்டிய உடம்பே தன் கண் மேல் பாய ஆரம்பித்துவிடுமாம். இன்னும் விட்டிருந்தா இமையும் விழியும் ஒட்டித் தழும்பாயிருக்கும், நல்ல நேரத்துல வந்தீங்க என்றார். பிரஷர் மருந்தை நிறுத்தவும் கூடாது, அதனால் அந்தக் கலப்பு இல்லாமல், ஒரு தடவை விட்டுத் தூக்கிப் போடுகிற சின்னக் குப்பியில் வரும் மருந்தும், புண் ஆற வேறொன்றும் தந்தார். நீ பயப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை, கண் தேறும்வரை அம்மாவும் வீடியோவில் முகம் காட்டவில்லை. அதை வைத்து நீ ராஜினாமா வரைக்கும் போய்விட்டாய்.

இப்போது சிவப்பும் இல்லை நீரும் இல்லை. நேற்று மாட்டுங்கா மார்க்கெட்டில் பூச்சி அரித்த இலையைக் கட்டுக்குள்ளிருந்து உருவிக் காட்டிக் கீரைக்காரியிடம் சண்டை போட்டாள், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நீயும் கண் எரிச்சலுக்குக் கடையில் ஏதோ வாங்கி விடுவதாகச் சொன்னாய், டாக்டரைக் கேட்காமல் விடாதே. சுடலைமாடன் உனக்குத் துணை நிற்பான், நீ நன்றாயிருப்பாய். அம்மா பக்கத்தில் நின்று ஒன்றே ஒன்று எழுதச் சொல்கிறாள், அவ வேலைய விட்டாத்தான் நான் நெசமாவே அழுவேன்னு எழுதுங்க என்று.

உன் அப்பா,
சுடலைக்கண்ணன்