நாலாம் நம்பர் கன்

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜை. சிஸ்டம் ரூமில் சர்வருக்குச் செவ்வந்தி மாலை போட்டேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், பேக்கிங் மேசைகளில் லேபிள் படிக்கும் ஸ்கேனர் எட்டும் (கம்பெனியில் அதற்குப் பெயர் கன்), எல்லாவற்றுக்கும் என் கையால் சந்தனம், குங்குமம். நாலாம் நம்பர் கன் ராமுத்தாய் அக்காவுடையது. "எனக்குப் பெருசா வையி தாயி" என்றார். வைத்தேன். பொரி மூன்று பொட்டலம் கிடைத்தது. பொங்கலூர் பஸ்ஸிலேயே ஒன்று காலி.

அக்டோபர் 8, புதன்

தூத்துக்குடிக்குப் போன கன்டெய்னரில் 143 பெட்டி கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. எல்லாம் ராமுத்தாய் அக்கா மேசையில் கட்டியவை. ஸ்கேன் ஆகாத பெட்டி கன்டெய்னருக்குத்தான் போனதா, வேறெங்குமா?

மேனேஜர் மகுடேஸ்வரன் என்னிடம், "சனிக்கெழமைக்குள்ள பதில் வரோணுங்க அம்மிணி. இல்லீன்னா அந்தம்மா வேற கம்பெனி பாத்துக்கட்டும்" என்றார். திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அக்கா மேசையில் திரை கிடையாது. சத்தம் கேட்டால் அடுத்த பெட்டி. "சத்தம் கேக்காம ஒரு பெட்டியக்கூட நான் விட்டதில்ல தாயி" என்கிறார். பன்னிரண்டு வருஷ வேலை. பதில் வரும்வரை அந்த மேசையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

சர்வர் தானாக எழுதி வைக்கும் லாக் என்பது எனக்கு இத்தனை நாள், டிஸ்க் நிறைந்தால் அழிக்கிற குப்பை. இன்று திறந்தால் நாற்பத்தொரு லட்சம் வரி. நோட்பேடு அப்படியே உறைந்துவிட்டது. காலேஜில் அரியர் வைத்துத் தேறிய பைத்தானில் தட்டுத் தடுமாறி ஏழு வரி புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு வரியாகப் படி, 'ரிஜெக்ட்' இருந்தால் வை, இல்லாவிட்டால் விடு.

டீ கிளாசை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. மிஞ்சியது 143 வரி.

மறுபடி ஓட்டினேன். அதே 143. எல்லாம் நாலாம் நம்பர் கன். மணி, நிமிஷம், நொடியோடு அக்கா அழுத்திய ஒவ்வொரு அழுத்தமும் அங்கே இருக்கிறது! கன் சத்தம் போட்டிருக்கிறது. ஆனால் பன்னிரண்டு இலக்கத்தில் எட்டுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சர்வர் வேண்டாமென்று தள்ளி, யாரும் கேட்காததால் பேசாமல் எழுதி வைத்திருக்கிறது. பூஜையன்று சர்வருக்கு மாலை போட்டது சும்மா வழக்கத்துக்கு. இன்றுதான் அதை நிஜமாகவே கும்பிடத் தோன்றியது.

முதல் வரி எந்தத் தேதி? அக்டோபர் 3, காலை 9.12. அதற்கு முன் ஒன்றுகூட இல்லை. பூஜை லீவு முடிந்து வந்த முதல் நாள் —

கீழே ஓடினேன். நாலாம் நம்பர் கன்னின் கண்ணாடி ஓரத்தில் காய்ந்த சந்தனம். என் விரல் ரேகைகூடத் தெரிகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

சொல்லோணும். வாயே வரல. வேலை போச்சுன்னா ஊட்ல என்ன சொல்றது? அக்கா புளிக்கொழம்பு குடுத்தாங்க. டப்பாவத் தொறக்காமயே பையில வெச்சுட்டேன்.

அக்டோபர் 11, சனி

143 வரியையும் பிரின்ட் எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தேன். அவரே பேக்கிங் மேசைக்கு வந்து, கர்ச்சீப்பால் கண்ணாடியைத் துடைத்து ஒரு பெட்டியை ஸ்கேன் செய்தார். என் லேப்டாப்பில் பன்னிரண்டு இலக்கமும் வந்தது.

"இதுல பொட்டு வெச்சது ஆருங்க?"

"நானுங்க சார்."

நான் சொல்லி வாய் மூடுவதற்குள் ராமுத்தாய் அக்கா குறுக்கே வந்துவிட்டார். "பெருசா வையின்னு சொன்னது நாந்தேன் சார்."

அக்காவின் வேலை நிலைக்குமா என்பதே அப்போது முடிவாகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போயி வேலையப் பாருங்க" என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

தினமும் சாயங்காலம் அன்றன்றைய லாக்கில் அந்த ஏழு வரியை ஓட்டச் சொல்லி உத்தரவு. ஓட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. வெறும் திரையைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் இந்தக் கம்பெனியில் நான் ஒருத்திதான்.

கீழே போனேன். கன்னின் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கைப்பிடியில் புதுச் சந்தனம். அக்கா கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"குங்குமத்த நீ வையி தாயி."